ஜன்னலைத் திறக்கச் சொன்னவர்

முந்தின வருஷம் மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்தது இது. இடம் யாங்கோன், பபேடான் பகுதியில் இரண்டாம் மாடியில் இருக்கும் எங்கள் வீடு. நேரம் காலை பதினோரு மணியைத் தாண்டியிருக்கும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி இதுவரை என் உம்மாவிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் ஒரு இடத்தில் வந்து நாக்கு நின்றுவிடும். எழுதினால் அந்த இடத்தைத் தாண்டிவிடலாம் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

முதலில் எனக்கு இந்தக் காபிப் பைத்தியம் பிடித்த கதையைச் சொல்லிவிடுகிறேன். சின்ன வயசில் எங்கள் வீட்டில் காபி என்றால் பாக்கெட்டைக் கிழித்து வெந்நீரில் கொட்டிக் கலக்குகிற காபி மிக்ஸ்தான். மற்ற நேரமெல்லாம் லபெயெ, அதாவது இந்த ஊர்ப் பால் டீ. காபியில் இத்தனை வகை இருக்கிறது, அதை முகர்ந்து பார்ப்பதற்கே ஒரு படிப்பு இருக்கிறது என்றெல்லாம் எனக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

இருபத்தேழு வயதில் முதியோர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்காக ஜப்பான் போனேன். வேலை கிடைத்த ஊர் கியோட்டோ. வாரத்துக்கு ஒரு நாள் லீவு. அந்த ஊரில் கோவில்களையும் தோட்டங்களையும் பார்க்கவே ஒரு ஆயுள் போதாது. எனக்கு என்னவோ கமோ ஆற்றுக்குப் பின்னால் இருக்கும் சின்னச் சந்துகளில் சுற்றத்தான் பிடித்தது. பழைய மர வீடுகள். வாசலில் ஒரு துணித் திரை தொங்கும். தள்ளிக்கொண்டு உள்ளே போனால் எட்டுப் பேர் மட்டும் உட்காரக்கூடிய காபிக் கடை. கடைக்காரர் துணி வடிகட்டியில் நூல் மாதிரி வெந்நீரை ஊற்றிக்கொண்டிருப்பார். ஒரு கோப்பைக்கு அஞ்சு நிமிஷம், ஆறு நிமிஷம். அதுவரை யாரும் பேசமாட்டார்கள். எங்கள் ஊர் லபெயெக்கடைச் சத்தத்தில் வளர்ந்த எனக்கு முதல் நாள் சிரிப்புதான் வந்தது. மூன்றாவது வாரம் நானே அந்த மௌனத்துக்காக டிரெயின் மாறிப் போக ஆரம்பித்தேன்.

அதில் ஒரு கடையில் கரி நெருப்பில் காபிக்கொட்டை வறுப்பார்கள். அறுபது வயதுக்காரர் ஒருவர் தனியாக நடத்திவந்தார். வாசலிலேயே, வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு வராதீர்கள் என்று எழுதி வைத்திருப்பார். நான் அத்தர் போடுவதை அந்தக் கடைக்காகவே விட்டேன். ஒருநாள் கடையில் கூட்டமில்லை. அவர் ஐந்து கோப்பைகளை வரிசையாக வைத்து, எது எந்த ஊர்க் கொட்டை என்று கேட்டார். அதற்கு முன் குடித்திருந்த ஞாபகத்தில் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஐந்தும் சரி. அவர் தலையை லேசாகத் தாழ்த்தி, "உங்கள் மூக்கு நல்ல மூக்கு" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என் தலைக்கு ஏறிவிட்டது. இப்போது யோசித்தால் அங்கேதான் எல்லாம் ஆரம்பித்தது என்று தோன்றுகிறது.

நாலு வருஷம் கழித்து வாப்பாவுக்கு உடம்பு முடியாமல் போய் ஊர் திரும்பினேன். அவர் மௌத்தான பிறகு மறுபடி ஜப்பான் போக மனசு வரவில்லை. வீட்டின் முன்பகுதியை எடுத்துக்கொண்டு, ஷான் மலையிலிருந்து நல்ல கொட்டைகளாகப் பார்த்து வரவழைத்து, வறுத்து, ஹோட்டல்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன். என்னைவிட ஏழு வயது சின்னவளான தங்கையும் என்னோடு சேர்ந்துகொண்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழெட்டுப் பேரை வைத்து 'கியோட்டோ முறைக் காபி' என்று ஒரு வகுப்பும் நடத்தினோம்.

இங்கே மின்சாரம் எப்போது வரும், எப்போது போகும் என்று எல்லோருக்கும் தெரியும். கரண்டில் ஓடும் வறுக்கும் மெஷினெல்லாம் கனவில்தான். எனக்கு அது பெரிய கவலையாக இல்லை. கியோட்டோவில் பார்த்ததுதானே என்று, ஒரு இரும்பு உருளை செய்யச் சொல்லி, கைப்பிடி வைத்து, பின்பக்கத்துச் சமையல்கட்டில் கரி அடுப்பின் மேல் பொருத்திக்கொண்டேன். புகை கொஞ்சமும் வராத, நன்றாகச் சுட்டெடுத்த கரியாகத் தேடி வாங்குவேன். புகைதான் கெடுதல், புகை இல்லாவிட்டால் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம்.

இன்னொரு வேலையும் செய்தேன். எங்கள் தெருவில் காலையிலிருந்தே வெங்காயம் வதக்குகிற வாசனை வரும், மீன் விழுதான ஙாப்பி வாசனை வரும், கரண்ட் போனால் கடைக்குக் கடை ஜெனரேட்டர் புகையும் சேர்ந்துகொள்ளும். இதற்கு நடுவில் காபியை எப்படி முகர்வது? முன்பக்கத்து வராந்தாவை முழுக்கக் கண்ணாடி போட்டு அடைத்தேன். ஜன்னல்களின் இடுக்கில் அகலமான டேப் ஒட்டினேன். வகுப்பு நாளில் உள்ளே வருகிற யாரும், தெரு வாசனையே வரவில்லையே என்று ஆச்சரியப்படுவார்கள். எனக்குப் பெருமையாக இருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உம்மா வீட்டில் இல்லை. வகுப்புக்கு ஏழு பேர் வந்திருந்தார்கள். கியாக்தானிலிருந்து ஒரு தம்பதி, கல்லூரிப் பெண்கள் இரண்டு பேர், ஹோட்டலில் வேலை பார்க்கும் மூன்று பேர். அந்தத் தம்பதி நம் தமிழ் ஆட்கள்தான். அந்த அம்மா அங்கே படகுத்துறை ஓரமாக லபெயெக்கடை வைத்திருக்கிறார். ஆற்றின் நடுவில் இருக்கும் பகோடாவுக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் நல்ல காபி கேட்கிறார்கள், அதனால் கற்றுக்கொள்ள வந்தேன் என்றார். அவருடைய வீட்டுக்காரர் கியாக்தான் - யாங்கோன் லைனில் பஸ் ஓட்டுகிறவர். அவருக்குக் காபியில் ஒரு ஆசையும் இல்லை. மனைவிக்குத் துணையாக வந்தவர்.

அவர் வாயில் வெற்றிலை இருந்தது. இந்த ஊர் லுங்கியான லோஞ்சி கட்டி, மேலே கலர் போன ஒரு அரைக்கைச் சட்டை. நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லோர் முன்னாலும், இந்த வாசனை மற்றவர்களுக்குத் தொந்தரவாக இருக்கும், போய் வாயைக் கொப்புளித்துவிட்டு வாருங்கள் என்றேன். அவர் எழுந்து போனார். வந்து, "கொப்புளிச்சிட்டேன் சயாமா, இப்ப சரியா?" என்று சின்னப் பிள்ளை மாதிரி கேட்டார். சயாமா என்றால் இங்கே டீச்சர். வயசில் என்னைவிடப் பதினைந்து வருஷமாவது பெரியவர். நான் சரி என்று தலையாட்டிவிட்டு, எதற்கும் கொஞ்சம் தள்ளியே இருக்கட்டும் என்று கடைசியில் கண்ணாடி ஓரமாக உட்கார வைத்தேன்.

வெளியே கொட்டுகிற மழை. வழக்கமாக வறுக்கும்போது பின்பக்கத்துக் கதவைத் திறந்து வைப்போம். அன்றைக்குச் சாரல் நேராக அடுப்பின் மேலேயே அடித்தது. சந்துச் சாக்கடை வேறு நிரம்பி நாற்றம். தங்கை வந்து, "லாத்தா, பின்கதவ மூடிரட்டுமா?" என்று கேட்டாள். மூடு என்றேன். யோசிக்கவே இல்லை. ஒரே சொல்லில் சொன்னேன்.

கரண்ட் போயிருந்தது. பேட்டரியில் ஒரு விளக்கும் ஒரு காற்றாடியும் ஓடின. கீழே கடைக்காரர்களின் ஜெனரேட்டர்கள் மூன்று நாலு ஒரே சமயத்தில் இரைந்துகொண்டிருந்தன. எல்லோரையும் சமையல்கட்டுக்கு அழைத்துப்போய் கொட்டை வறுப்பதைக் காட்டினேன். பிறகு முன்பகுதிக்கு வந்தோம். தங்கை மட்டும் அடுத்த ஈடு வறுக்க உள்ளேயே இருந்தாள்.

முதல் கோப்பை நன்றாகப் போனது. இரண்டாவதை எல்லோரும் முகர்ந்துகொண்டிருக்கும்போது, கல்லூரிப் பெண்களில் ஒருத்தி தலை வலிக்கிறது என்றாள். வெறும் வயிற்றில் காபி குடித்ததால் இருக்கும் என்று பிஸ்கட் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் ஹோட்டல்காரர் ஒருவரும் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். இன்னொருவர் கொட்டாவி மேல் கொட்டாவி விட்டார். எனக்கும் இரண்டு பொட்டிலும் ஏதோ வைத்து அழுத்துகிற மாதிரி இருந்தது. காலையிலிருந்து ஓடியாடியதில் வந்த அலுப்பு என்று நினைத்தேன். வெந்நீர் ஊற்றும்போது எத்தனை விநாடி என்று எண்ணுவேன், அந்த எண்ணிக்கை இரண்டு தடவை தப்பியது. அப்படி எனக்கு ஒருநாளும் ஆனதில்லை.

பஸ் டிரைவர் சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அவர் மனைவி வெட்கப்பட்டு இரண்டு தடவை இடித்தார். அவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அந்தக் கல்லூரிப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள். இரண்டடி வைப்பதற்குள் கால் மடங்கி, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு தரையில் வாந்தி எடுத்தாள். அந்தச் சத்தத்தில்தான் டிரைவர் கண்ணைத் திறந்தார்.

அவர் அவளைப் பார்த்தார். நெற்றியைப் பிடித்துக்கொண்டு இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எழுந்து நின்றார். அவருக்கும் கால் தள்ளாடியது. கண்ணாடியில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்:

"சயாமா, ஜன்னலத் தொறங்க. இந்தக் காத்து சரியில்ல."

வெளியே ஜெனரேட்டர் ஓடுகிறது, திறந்தால் அந்தப் புகை உள்ளே வந்துவிடும், அது வரக்கூடாது என்றுதான் அடைத்தே வைத்திருக்கிறேன் என்றேன். இன்னும் ஒரே ஒரு கோப்பை, அஞ்சு நிமிஷம் பொறுங்கள் என்றேன். ஒரு பெண் தரையில் வாந்தி எடுத்துக்கொண்டிருக்கும்போது நான் அடுத்த கோப்பையைப் பற்றிப் பேசியிருக்கிறேன். எனக்கே புத்தி மந்தமாகிவிட்டிருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். அப்படிச் சொல்லி என்னைத் தேற்றிக்கொள்ளப் பார்த்தேன். ஆனால் முழுக்க அது இல்லை. வாசனை கலைந்துவிடுமே என்று நான் நினைத்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"அந்தப் புகை கண்ணுக்குத் தெரியும் சயாமா. இது தெரியாது" என்றார் அவர்.

கெட்ட காற்று இருந்தால் எனக்கு வாசனை தெரியும், என் மூக்குக்குத் தெரியாமல் இந்த அறையில் எதுவும் இருக்க முடியாது என்று நான் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கவே இல்லை. ஜன்னல் கொக்கியை இழுத்தார். டேப் விடவில்லை. நகத்தால் கிழிக்கப் பார்த்தார். கை வழுக்கியது. அவர் தடுமாறுவதையும் கண் சிவந்திருப்பதையும் பார்த்து எனக்கு வேறு ஒன்று தோன்றியது. அவர் மனைவி பக்கம் திரும்பி, எல்லோருக்கும் புரியட்டும் என்று பர்மிய மொழியிலேயே, "உங்க வீட்டுக்காரர் காலையிலயே குடிச்சிட்டு வந்திருக்காரா? வெளிய கூட்டிட்டுப் போங்க" என்றேன்.

நான் சொன்னேனே, நாக்கு நின்றுவிடும் இடம் என்று, அது இதுதான். அந்த அம்மாவின் முகம் அப்படியே கறுத்துப்போனது.

டிரைவர் பக்கத்தில் கிடந்த மர முக்காலியைத் தூக்கினார். நான் ஓடிப்போய் அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்தேன். பொத்தான் தெறித்தது. அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முதல் அடியில் கண்ணாடி கீறல் விட்டது. இரண்டாவதில் உடைந்தது. முக்காலி கையிலிருந்து நழுவி விழுந்துவிட்டது, மிச்சக் கண்ணாடியை அவர் வெறுங்கையாலேயே குத்தித் தள்ளினார். மழையும் இரைச்சலும் ஜெனரேட்டர் புகையும் ஒன்றாக உள்ளே வந்தன. நான் அவரைத் திட்டப்போனேன். சட்டையை விட்டதும் எனக்கு நிற்க முடியவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அவர் குனிந்து என் தோளை உலுக்கினார்.

"அடுப்புக்கிட்ட யாரு இருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்டபோது எனக்கு ஏற்பட்டதை அதிர்ச்சி என்று சொன்னால் போதாது. என் தங்கை. முக்கால் மணி நேரமாக அவள் சத்தமே இல்லை. இத்தனை பேச்சு, இத்தனை கண்ணாடிச் சத்தம், அவள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அது எனக்கு அதுவரை உறைக்கவே இல்லை.

எனக்கு எழுந்திருக்க முடியவில்லை. தவழ்ந்துதான் போனேன். அதற்குள் அவர் சமையல்கட்டுக்குள் போய்விட்டார். தங்கை தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே ஒருக்களித்துக் கிடந்தாள். கொட்டை கிளறும் கரண்டி இன்னும் கையில் இருந்தது. இரும்பு உருளை நின்றுபோய், அடிப்பக்கத்துக் கொட்டை கருகிக்கொண்டிருந்தது. நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். கண் பாதி திறந்திருந்தது, ஆனால் பார்க்கவில்லை. அவர் பின்கதவைக் காலால் உதைத்துத் திறந்தார். அவளை வாரித் தோளில் போட்டுக்கொண்டார். வாசற்கதவைத் திறந்து, எல்லோரும் கீழே இறங்குங்கள், ஒருத்தரும் உட்காராதீர்கள் என்று தமிழிலும் பர்மிய மொழியிலும் மாறி மாறிக் கத்தினார். அவர் அந்த வீட்டில் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

எங்கள் கட்டிடத்துப் படிக்கட்டைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க இடம் இல்லாத அளவு குறுகல், ஏணி மாதிரிச் செங்குத்து. அதில் அவளைச் சுமந்துகொண்டு இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி என்னைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு நிமிஷத்துக்கு முன் நான் அவமானப்படுத்திய அதே அம்மா. ஒவ்வொரு படிக்கும், "மெதுவா சயாமா, அடுத்த படி" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

தெருவில் மழையிலேயே தங்கையைக் கிடத்தினோம். கீழே துணிக்கடை வைத்திருப்பவர்கள் தார்ப்பாயைத் தூக்கிப் பிடித்தார்கள். யாரோ ஒருவர் இலவச ஆம்புலன்ஸுக்கு போன் செய்தார். மழையில் கிடந்த கல்லூரிப் பெண்கள் இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். நான் தங்கையின் மூக்குக்கு அருகில் விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வருகிறதா, என் விரல் நடுங்குகிறதா என்று எனக்குத் தெரியவில்லை. ஐந்து கோப்பையை ஐந்து ஊராகப் பிரித்துச் சொன்னவள், கூடப் பிறந்தவள் மூச்சு விடுகிறாளா இல்லையா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

"மூச்சு இருக்கு. நீங்க நல்லா காத்த இழுங்க" என்றார் டிரைவர்.

ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எங்களைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, மூடிய வீட்டுக்குள் கரி எரிந்ததா என்பதுதான். ஆமாம் என்றேன். புகையே வரவில்லையே என்றேன். அந்தக் கேள்வியை அவர் ஏற்கனவே பலரிடம் கேட்டிருப்பார் போல, பொறுமையாகச் சொன்னார். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு வரும். அதற்கு நிறமில்லை. வாசனையும் இல்லை. உலகத்திலேயே நல்ல மூக்கு இருந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. இன்னும் கால்மணி நேரம் அந்த அறை அப்படியே இருந்திருந்தால் உங்கள் தங்கையை மட்டுமல்ல, யாரையுமே இங்கே கொண்டுவர ஆள் இருந்திருக்காது என்றார். ஏழு பேர், எங்கள் இருவரையும் சேர்த்தால் ஒன்பது.

எல்லோருக்கும் ஆக்ஸிஜன் வைத்தார்கள். என்னுடையதை எடுத்த பிறகு தாழ்வாரத்துக்கு வந்தேன். டிரைவர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். வலது கையைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். துண்டைத் தாண்டி, லோஞ்சியைத் தாண்டி, பெஞ்சுக்குக் கீழே தரையில் ரத்தம் தேங்கியிருந்தது. அவ்வளவு நேரமும் அவர் கையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. நான் நர்ஸைக் கூப்பிட்டுக் கத்தினேன்.

தையல் போடக் காத்திருக்கும்போது, உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். பல வருஷத்துக்கு முன் அவர் ஓட்டிய பழைய வேனில் புகைக்குழாய் ஓட்டையாக இருந்ததாம். இதே மாதிரி மழைக்காலம். பயணிகள் எல்லா ஜன்னலையும் ஏற்றிவிட்டார்கள். வழியில் இருக்கும் பாலத்தைத் தாண்டும் முன்பே பின்னால் இருந்தவர்கள் தலைவலி என்றார்கள், தூங்கினார்கள், வாந்தி எடுத்தார்கள். அவர் வண்டிப் பயணம் ஒத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்து, சீக்கிரம் ஊர் போய்ச் சேரலாம் என்று வேகமாக ஓட்டினாராம். கடைசி சீட்டில் இருந்த ஒரு அம்மாவை எழுப்பியபோது எழுந்திருக்கவில்லை.

"அந்த அம்மா பொழச்சாங்களா?" என்று கேட்டேன்.

அவர் கையில் சுற்றிய துண்டை இறுக்கிக்கொண்டார். "இன்னிக்கு அந்தப் பொண்ணு வாந்தி எடுத்தப்ப எனக்கு வேன் ஞாபகந்தான் வந்துச்சு" என்றார்.

அவர் குடிப்பதே இல்லை என்பதையும் அங்கேதான் தெரிந்துகொண்டேன். அந்த வேன் சம்பவத்துக்குப் பிறகு விட்டாராம். கண் சிவந்திருந்தது விடிவதற்கு முன்பே எழுந்து முதல் டிரிப் ஓட்டிவிட்டு வந்ததால். நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். "யாபாடெ, யாபாடெ" என்றார். பரவாயில்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்லும் வார்த்தை அது. மேலே பேசவிடவில்லை.

தங்கை சாயங்காலம் கண் விழித்தாள். என்னை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "லாத்தா, கொட்டை கருகிடுச்சா?" என்று கேட்டாள். உம்மாவும் நானும் வெளியே போய் அழுதோம். அடுத்த சில மாதங்கள் அவளுக்கு ஞாபகம் தடுமாறியது. பேச்சு நடுவில் சொல் கிடைக்காமல் நிற்பாள். இப்போது நன்றாகிவிட்டாள், அல்லாஹ் காப்பாற்றினான். ஆனாலும் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்துபோய் ஜன்னலைப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒரு வாரம் கழித்து கியோட்டோக் கடைக்காரருக்கு நடந்ததை எழுதினேன். அவர் உடனே போனில் கூப்பிட்டார். "புகைபோக்கியை எங்கே வைத்திருந்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். புகைபோக்கியா? அந்தக் கடையில் எடுத்த படங்களை எல்லாம் தேடிப் பார்த்தேன். நெருப்பைப் படம் எடுத்திருக்கிறேன், கொட்டையைப் படம் எடுத்திருக்கிறேன், அவர் கையைக்கூட எடுத்திருக்கிறேன். ஒரே ஒரு படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஆள் தடிமனுக்கு ஒரு தகரக் குழாய் அடுப்புக்கு மேலிருந்து கூரையைத் துளைத்துக்கொண்டு போகிறது. அழகாக இல்லை என்று நானே ஒதுக்கி எடுத்திருக்கிறேன். நாலு வருஷம் அந்தக் கடைக்குப் போனவள், அதை ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

மூன்று வாரம் கழித்து நானும் தங்கையும் கியாக்தான் போனோம். டிரைவரின் வலது கையில் இரண்டு விரல்களின் நரம்பு அறுபட்டிருந்தது. ஆபரேஷன் செய்தும் முழுசாக மடங்கவில்லை. ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடிக்க முடியாமல் ஐந்து மாதம் பஸ் ஓட்டவில்லை. எங்களால் ஆனதைச் செய்தோம். அந்த விரல்களுக்கு அது ஈடாகாது என்று எங்களுக்கும் தெரியும். நாங்கள் போனபோது அவர் கடை வாசலில் ரப்பர் பந்து ஒன்றை அழுத்திப் பழகிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும், "அடேயப்பா, நீ இவ்வளவு உயரமா? அன்னிக்குத் தெரியலயே" என்று சிரித்தார். அவள் அவர் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

நான் உள்ளே அவர் மனைவியிடம் போனேன். அவர் அடுப்பில் பாலைக் கிளறிக்கொண்டிருந்தார். அன்று எல்லார் முன்னாலும் அப்படிப் பேசிவிட்டேன், என்னை மன்னிக்க வேண்டும் அக்கா என்றேன். பால் பொங்கியது, இறக்கி வைத்தார்.

"அவரு அன்னிக்கே மறந்துட்டாரு சயாமா. எனக்குத்தான் கொஞ்ச நாளாகும்."

அப்படி நேராகச் சொன்னது எனக்கு ஒரு விதத்தில் நிம்மதியாக இருந்தது. யாபாடெ என்று அவரும் சொல்லியிருந்தால் எனக்குத் தாங்கியிருக்காது. பிறகு அவரே, வகுப்பு பாதியில் நின்றுபோனதே, மீதியை இங்கேயே சொல்லித்தருவீர்களா என்று கேட்டார். நாலு பக்கமும் திறந்த கடை. ஆற்றுக் காற்று சுழன்று சுழன்று அடித்தது. பக்கத்தில் மீன் காயப்போட்டிருந்தார்கள், அடுத்த கடையில் பலகாரம் பொரித்தார்கள். அந்த வாசனைகளுக்கு நடுவே நின்று துணி வடிகட்டியில் அவருக்குக் காபி வடிக்கச் சொல்லிக்கொடுத்தேன். நான் கற்றுக்கொடுத்த எந்த வகுப்பும் அவ்வளவு நேரம் போனதில்லை. முதல் கோப்பையை அவர் கணவருக்குக் கொடுத்தார். அவர் குடித்துவிட்டு, சர்க்கரை போடலாமா என்று கேட்டார். போடுங்கள் அண்ணே என்றேன்.

இப்போதும் நாங்கள் காபி வறுக்கிறோம், ஊருக்கு வெளியே மாவ்பி பக்கம் ஒரு திறந்த கொட்டகையில். வகுப்பும் நடக்கிறது. வருகிறவர்களிடம் இந்தக் கதையில் பாதியைச் சொல்கிறேன். வாசனையில்லாத அந்த வாயுவைக் கேட்டு எல்லோரும் பயப்படுகிறார்கள், பயப்படட்டும், நல்லதுதான். ஆனால் என்னை இன்றுவரை திடுக்கிட வைப்பது அந்த வாயு இல்லை: ஒன்பது பேர் உயிருக்காக ஒரு மனிதர் ஜன்னலைத் திறக்கச் சொன்னபோது, அவர் வெற்றிலையையும் சட்டையையும் பார்த்து அவர் சொல்லை எடைபோட்டு, பின்னாலிருந்து பிடித்து இழுத்தது என் கைதான் என்பதே.